மங்கலான ஹெட்லைட்டும் தொலைந்துபோன இரண்டரை வோல்ட்டும்

பேட்டரியின் இரு முனைகளில் 14.1 வோல்ட். அடுத்த நிமிடம் அதே மீட்டரை இடப்பக்க ஹெட்லைட் பல்பின் முனைகளில் வைத்தேன்: 11.6. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது; லோ பீம் எரிந்துகொண்டிருந்தது. பேட்டரிக்கும் அந்த விளக்குக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் தூரம் ஒரு முழம். அந்த ஒரு முழத்துக்குள் இரண்டரை வோல்ட் தொலைந்துபோயிருந்தது. மீட்டரில்தான் கோளாறோ என்று முனைகளைத் துடைத்து இரண்டாம் முறை வைத்தேன். எண் மாறவில்லை.

இந்த எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு ஜோடி பல்புகளைப் போட்டுப் பார்த்து ஏமாந்திருந்தேன். ஒரே ஒரு மாலைப்பொழுது மீட்டரோடு உட்கார்ந்திருந்தால் அந்தச் செலவும் அலைச்சலும் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் செய்ததையெல்லாம், தவறியதையும் சேர்த்து, இங்கே எழுதிவைக்கிறேன்.

என் காருக்கு வயது பதினான்கு. இரண்டு ஹெட்லைட்டிலும் ஹெச்4 வகை ஹாலஜன் பல்பு. ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு இழைகள். லோ பீமுக்கு 55 வாட், ஹை பீமுக்கு 60 வாட். 1971-இல் வந்த வடிவம் இது. இன்றும் எண்ணற்ற கார்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் ஹெச்4 விளக்கு இரவுப் பயணத்துக்குப் போதுமான வெளிச்சத்தைத் தரும். என்னுடையது தரவில்லை. தெருவிளக்குகள் இருக்கும் சாலைகளில் ஓட்டியவரை அந்தக் குறை எனக்குத் தெரியவேயில்லை.

தெரிந்தது ஒரு மழை இரவில். தெருவிளக்கு இல்லாத சாலை. கறுப்புச் சட்டை அணிந்த ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். அவர் என் கண்ணில் பட்டபோது ஸ்டீயரிங்கை ஒடிப்பதற்கு மட்டும்தான் நேரம் இருந்தது, பிரேக் பிடித்து நிறுத்துவதற்கு இல்லை. வேகம் 60 கிலோமீட்டர்தான். வீடு திரும்பியதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 60 என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போய்ச்சேர ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள்ளேயே 25 மீட்டர் கடந்துவிடும். உலர்ந்த சாலையில் நன்றாக அழுத்திப் பிடித்தாலும் நிற்பதற்கு இன்னும் 20 மீட்டர் வேண்டும். மொத்தம் 45 மீட்டர். ஈரச் சாலையில் இன்னும் கூடும். என் விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறது என்பதை நான் அதுவரை அளந்து பார்த்ததே இல்லை.

ஆகவே முதலில் அதை அளந்தேன். ஒரு காலி மைதானத்தில் ஒரு கம்பை நட்டு, பழைய கறுப்புக் கோட்டு ஒன்றை அதில் மாட்டினேன். நூறு மீட்டர் தள்ளியிருந்து லோ பீமில் மெதுவாகக் காரை நகர்த்தி, கோட்டு கண்ணில் படும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து அடியெடுத்து அளந்தேன். 34 மீட்டர். அதுவும், கோட்டு அங்கே இருக்கிறது என்று தெரிந்து தேடிய கண்ணுக்கு.

முதலில் வாங்கியது ‘அதிக வெண்மை’ என்று அட்டையில் போட்டிருந்த பல்பு. கண்ணாடியில் நீலப் பூச்சு. எரியவிட்டால் ஒளி வெள்ளையாக, புதிய கார்களின் விளக்கைப் போல அழகாகத்தான் இருந்தது. மைதானத்துக்குப் போனால் கோட்டு முன்னைவிடத் தாமதமாகத் தெரிந்தது. காரணம் எளிது. உள்ளே எரிவது அதே டங்ஸ்டன் இழை. நீலப் பூச்சு அதன் ஒளியில் மஞ்சளையும் சிவப்பையும் தடுத்து நிறுத்திவிட்டு மிச்சத்தை வெளியே விடுகிறது. வெண்மை கூடியதுபோல் தெரிவது, ஒளியின் ஒரு பகுதியைக் கழித்ததால். மழையில் நனைந்த தார்ச்சாலையில் அந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

இரண்டாவதாக எல்இடி. ஹெச்4 துளையில் அப்படியே பொருந்தும், பின்னால் சிறு விசிறி வைத்த ஜோடி. சாலைக்கு எடுத்துப் போவதற்கு முன் சுவருக்கு எதிரே நிறுத்தி லோ பீம் போட்டுப் பார்த்தது நல்லதாயிற்று. ஹாலஜன் பல்பில் சுவரின் மேல்பாதி இருட்டாகவும் கீழ்ப்பாதி வெளிச்சமாகவும், நடுவில் கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோடும் தெரியும். எல்இடியில் அந்தக் கோடு கரைந்துபோயிருந்தது. கோட்டுக்கு மேலே, எதிரே வருபவரின் கண் இருக்கும் உயரத்தில், இரண்டு வெள்ளைத் திட்டுகள். கீழே, காரின் மூக்குக்கு அருகில், ஒரே வெள்ளம். தூரத்தில் எதுவும் இல்லை.

இது அந்தப் பல்பைச் செய்தவரின் குறை மட்டும் என்று சொல்லிவிட முடியாது. ஹெச்4 பல்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் லோ பீம் இழைக்கு அடியில் கரண்டி போன்ற சிறு உலோகக் கிண்ணம் ஒன்று தெரியும். இழையின் ஒளி ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் அது மறைக்கிறது. மேல்பாதியில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டும் சாலையை நோக்கி இறங்குகிறது. ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்தச் சின்ன இழை நிற்கும் இடத்தை வைத்து வார்க்கப்பட்டது. இழை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கோடு குலையும். இழையே இல்லாமல், ஒரு பட்டையின் இரு பக்கமும் ஒட்டிய சில்லுகள் அதே வேலையைச் செய்ய வேண்டுமென்றால், அதை அந்தந்த விளக்கோடு பொருத்திச் சோதித்திருக்க வேண்டும். ஜெர்மனியில் சில எல்இடி மாற்றுப் பல்புகளுக்கு, குறிப்பிட்ட கார் மாடல்களின் குறிப்பிட்ட விளக்குகளுக்கு மட்டும் என்று பட்டியலிட்டு அனுமதி கொடுத்திருப்பது இதனால்தான். என் கார் எந்தப் பட்டியலிலும் இல்லை. கழற்றி வைத்துவிட்டேன். எனக்குச் சாலை தெரிய வேண்டும் என்பதற்காக எதிரே வருபவரைக் குருடாக்கும் உரிமை எனக்குக் கிடையாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவரைக் காப்பாற்றக் கிளம்பிய வேலை, எதிரே வரும் இன்னொருவரைத் தடுமாற வைப்பதில் முடியக்கூடாது.

மூன்றாவது யோசனை, பலரும் சொல்லும் 100/90 வாட் பல்பு; ஹை பீமுக்கு 100, லோ பீமுக்கு 90. அதை நான் வாங்காததற்குக் காரணம், ஒரு நண்பரின் காரில் பார்த்த கனெக்டர். வெள்ளை பிளாஸ்டிக்காக இருந்திருக்க வேண்டியது கருகிய ரொட்டியின் நிறத்தில் இருந்தது. நடுத் தகட்டைச் சுற்றி உருகி வழிந்து, பல்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. ரிஃப்ளெக்டரின் மேல்பகுதியில் வெள்ளிப் பூச்சு பழுப்பேறியிருந்தது. 55 வாட் பல்பு ஏறத்தாழ நாலரை ஆம்பியர் இழுக்கும். 90 வாட் பல்பு ஏழரைக்கு மேல். 55 வாட்டுக்காகப் போட்ட மெல்லிய ஒயரில் அந்த மின்னோட்டம் ஓடினால், ஒயரில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். இரண்டரை மடங்குக்கும் மேல். கூடுதலாகச் செலவாகும் வாட்டில் ஒரு பங்கு ஒயரைச் சுடவைப்பதற்கே போய்விடும். பல நாடுகளில் பொதுச்சாலையில் அவற்றுக்கு அனுமதியும் இல்லை.

இந்த நிலையில்தான் வாகன மின்வேலை தெரிந்த அண்ணன் ஒருவரிடம் போனேன். முப்பது வருடமாக ஒயரோடு புழங்குபவர். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

“பல்புக்கு எத்தனை வோல்ட் வருகிறது, தம்பி?”

“பன்னிரண்டு வோல்ட் பேட்டரிதானே, அண்ணே?”

“பேட்டரியைக் கேட்கவில்லை. பல்பைக் கேட்கிறேன்.”

அளக்கும் முறையையும் அவரே சொல்லிக்கொடுத்தார். கனெக்டரைக் கழற்றிவிட்டு, வெறும் ஒயர் முனையில் அளந்தால் எப்போதும் நல்ல எண்தான் வரும். மின்னோட்டம் இல்லாத இடத்தில் இழப்பும் இல்லை. பல்பு மாட்டியபடியே, எரிந்துகொண்டிருக்கும்போதே, கனெக்டரின் பின்பக்கம் ஒயர் நுழையும் இடைவெளியில் மீட்டரின் மெல்லிய ஊசியை நுழைத்துத் தகட்டைத் தொட வேண்டும். முதல் அளவு பல்பின் இரு முனைகளுக்கு நடுவே. அதுதான் அந்த 11.6. பிறகு இழப்பு எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு ஊசி பேட்டரியின் பாசிட்டிவில், இன்னொன்று பல்பின் லோ பீம் முனையில்: 1.9 வோல்ட். பேட்டரியின் நெகட்டிவுக்கும் பல்பின் எர்த் முனைக்கும் நடுவே: 0.6. இரண்டையும் கூட்டினால் தொலைந்துபோன இரண்டரை. கணக்கு நேராக இருந்தது. வலப்பக்க விளக்கில் நிலைமை கொஞ்சம் தேவலை, 11.9.

இரண்டரை வோல்ட்தானே என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் இழை பல்பின் ஒளி, மின்னழுத்தத்தோடு சேர்ந்து நேராக இறங்குவதில்லை. ஏறத்தாழ அதன் 3.4-ஆம் அடுக்கில் இறங்குகிறது. ஹெச்4 பல்புக்கு விதிக்கப்பட்ட ஒளியளவு, 13.2 வோல்ட்டில் லோ பீமுக்கு 1000 லூமன், ஹை பீமுக்கு 1650 லூமன். 11.6 வோல்ட்டில் அந்த ஆயிரம் ஏறத்தாழ 645 ஆகிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம், ஒயருக்குள்ளேயே சூடாகிக் கரைந்துபோயிருக்கிறது. நிறமும் மஞ்சளாகிவிடும். நான் பல்பு பழசாகிவிட்டது என்று நினைத்ததற்கு அந்த மஞ்சள்தான் காரணம்.

மின்சாரம் வரும் வழியைத் தேடிப் பார்த்தபோது புரிந்தது. என் காரில் அது பேட்டரியிலிருந்து ஃபியூஸ் பெட்டிக்குப் போய், டாஷ்போர்டுக்குள் நுழைந்து, ஸ்டீயரிங் அருகே இருக்கும் சுவிட்சுக்குள் ஏறி இறங்கி, டிம்மர் தண்டு வழியாகத் திரும்பி வந்து, பிறகுதான் பல்புக்குப் போகிறது. ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்தச் சுவிட்ச், கிடையாது. பல்பு இழுக்கும் மின்னோட்டம் முழுவதும் அந்தச் சின்னச் சுவிட்சின் தகடுகள் வழியாகப் பதினான்கு வருடம் ஓடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த ஒரு முழம், உண்மையில் பல மீட்டர் ஒயரும் ஏழெட்டு இணைப்புகளும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் மீட்டருக்கு 0.017 ஓம் தடை இருக்கும். நான்கு மீட்டருக்கு இரண்டு பல்பின் ஒன்பது ஆம்பியரும் ஓடினால் அதிலேயே 0.6 வோல்ட் போய்விடும். மிச்சத்தைச் சுவிட்சும் களிம்பேறிய தகடுகளும் தின்றுகொண்டிருந்தன.

தீர்வு ரிலே. பழைய சுவிட்சை ரிலேயின் சுருளை இயக்குவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, பல்புக்கான மின்னோட்டத்தைப் பேட்டரியிலிருந்து குறுக்குவழியில் கொண்டுவருவது. லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், வெப்பம் தாங்கும் பீங்கான் ஹோல்டர்கள், இரண்டு 20 ஆம்பியர் ஃபியூஸ்கள் எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ் போடலாமே என்று கேட்டேன். அண்ணன் சம்மதிக்கவில்லை. நடு இரவில் அந்த ஒன்று போனால் இரண்டு விளக்கும் ஒரே நொடியில் அணையும். தனித்தனியாக இருந்தால் லோ பீம் போனாலும் ஹை பீம் போட்டு ஓரம் கட்டிவிடலாம். நியாயம்தான்.

தொடங்குமுன் ஒன்றைக் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும். சில கார்களில் சுவிட்ச் பாசிட்டிவை வெட்டிச் சேர்க்கும். சிலவற்றில் பாசிட்டிவ் எப்போதும் பல்புக்கு வந்துகொண்டே இருக்கும், சுவிட்ச் வெட்டுவது எர்த்தை. இரண்டாம் வகையில் நான் செய்ததுபோல இணைத்தால் வேலை செய்யாது. விளக்கை அணைத்துவிட்டுப் பழைய கனெக்டரில் மீட்டரை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விளக்கைக் கணினி கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். அவற்றில் ஒயர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பல்பின் கனெக்டரையும் எர்த் முனையையும் சுத்தம் செய்தாலே போதும்.

ரிலேயின் அடியில் நான்கு எண்கள் பொறித்திருக்கும். 30-க்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் ஒயர். 87-இலிருந்து பல்புக்கு. 86-க்குப் பழைய கனெக்டரில் வரும் மின்சாரம். 85 எர்த்துக்கு. பழைய ஒயரை எங்கேயும் வெட்டவில்லை. அதன் கனெக்டரில் செருகக்கூடிய மூன்று தகடு கொண்ட பிளக்கை வைத்து, அதிலிருந்து ரிலேக்கு எடுத்தேன். என்றாவது இவையெல்லாவற்றையும் கழற்றினால் கார் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி ஒதுக்கிவைத்த பிறகுதான் மற்ற வேலை. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வந்துவிட வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயர் எங்காவது உரசித் தோலுரிந்தால் அதைக் காக்க எதுவும் இல்லை. ரிலேக்களைத் தகடுகள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தினேன், தண்ணீர் தேங்காமல் இருக்க. ஒயரின் செம்பு இழைகளை முறுக்கி முனைத் தகட்டில் வைத்து, அதற்கான கருவியால் நசுக்கி, கையால் ஓங்கி இழுத்துப் பார்த்தேன். ஏழு முனைகளில் ஒன்று கையோடு வந்துவிட்டது. சாலையில் வந்திருக்க வேண்டியது, வீட்டில் வந்தது.

எர்த்தில்தான் தவறினேன். புதிய ஒயரின் எர்த் முனையை, கைக்கு எட்டும் இடத்தில் இருந்த ஒரு போல்ட்டில் இறுக்கிவிட்டு, நெகட்டிவை மாட்டி, விளக்கைப் போட்டேன். ரிலே ‘டிக்’ என்றது. விளக்கு எரிந்தது, முன்னைவிட வெளிச்சமாக. மகிழ்ச்சியில் மூடிவிட இருந்தேன். மீட்டர் கையில் இருந்ததால் வைத்துப் பார்த்தேன். பாசிட்டிவ் பக்க இழப்பு 0.2-ஆக இறங்கியிருந்தது. எர்த் பக்கம் 0.8, பழையதைவிட மோசம். நான் இறுக்கிய போல்ட் பெயின்ட் பூசிய தாங்கியில் இருந்தது. மறையின் ஓரத்தில் மட்டும் உலோகம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேறு இடம் பார்த்து, ஒரு நாணய அளவுக்குப் பெயின்ட்டை வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டி, முனையை வைத்து இறுக்கி, துருப் பிடிக்காமல் இருக்க மேலே வாஸ்லைன் தடவினேன். 0.2. ஒளிரும் விளக்கைப் பார்த்து மட்டும் முடிவு செய்திருந்தால் இந்தக் குறை உள்ளேயே இருந்திருக்கும்.

இப்போது பேட்டரியில் 14.0, பல்பில் 13.6. அதே பழைய பல்பு. முன்பு கிடைத்துக்கொண்டிருந்த 645 லூமன், கணக்குப்படி 1100-ஐத் தொட்டுவிட்டது. ஒரு பல்பும் மாற்றாமல் எழுபது சதவீதம் கூடுதல் ஒளி. இதற்கு ஒரு விலையும் உண்டு: மின்னழுத்தம் ஏறினால் இழை சீக்கிரம் தேயும், ஒளி ஏறுவதைவிட ஆயுள் குறைவது வேகமாக நடக்கும். மங்கலாக எரிந்த பல்பு அத்தனை வருடம் உழைத்ததில் வியப்பில்லை. அடிக்கடி மாற்ற எனக்கு மனக்குறை இல்லை.

அடுத்தது முன்மூடி. என் விளக்கின் முன்பக்கம் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலின் புறஊதா ஒளியில் அதன் மேலிருக்கும் காப்புப் பூச்சு சிதைந்து மஞ்சளேறி, மேல்பாதி பூஞ்சைக் கண்போல இருந்தது. இப்படிப்பட்ட மூடி ஒளியைக் குறைப்பதோடு நிற்காது. நாலாபுறமும் சிதறடித்து எதிரே வருபவர் கண்ணிலும் தள்ளும். பற்பசை போட்டுத் தேய்க்கும் யுக்தியை முன்பு ஒரு முறை செய்திருந்தேன். சில மாதங்களில் மஞ்சள் திரும்பி வந்துவிட்டது. காப்புப் பூச்சு முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடாதவரை அது நிலைக்காது. சுற்றியிருக்கும் பெயின்ட்டை டேப்பால் மூடி, 800, 1500, 2000, 3000 என்று வரிசையாக உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். முதல் தாளில் வடியும் தண்ணீர் கலங்கலான மஞ்சளாக இருக்கும். அது பால்போல வெளுக்கும்வரை அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. அவசரப்பட்டால் மஞ்சள் தீவுகள் நின்றுவிடும். 3000-க்குப் பிறகு பாலிஷ், ஸ்பிரிட்டால் துடைப்பு, பிறகு நிழலில் புறஊதாக் காப்பு கிளியர் கோட் இரண்டு பூச்சு. முழங்கை இரண்டு நாள் வலித்தது. உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரின் வெள்ளி மங்கியிருந்தால் மட்டும் இந்த உழைப்பு வீண். அப்போது விளக்கையே மாற்ற வேண்டியதுதான்.

கடைசியாகத்தான் பல்பு. சாதாரண 60/55 வாட், வட்டத்துக்குள் ‘E’ என்ற அனுமதி முத்திரை உள்ளது. 130, 150 சதவீதம் கூடுதல் ஒளி என்று சொல்லும் பல்புகளையும் பரிசீலித்தேன். அந்தச் சதவீதம் மொத்த ஒளியைக் குறிப்பதில்லை. விதிகள் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு, சாலையின் குறிப்பிட்ட சில புள்ளிகளில் ஒப்பிட்டுச் சொல்வது. மொத்த ஒளிக்கு விதி வைத்திருக்கும் உச்சவரம்பு அவற்றுக்கும் பொதுதான். இழையை இன்னும் நுணுக்கமாகச் சுற்றி, தூரத்துக்கு ஒளியைக் குவிப்பதில் அவை உண்மையிலேயே தேர்ந்தவை. பதிலுக்கு ஆயுள் குறைவு. 13.6 வோல்ட் கிடைக்கும் என் காரில் அவை இன்னும் சீக்கிரம் போய்விடும் என்பதால் சாதாரணத்தோடு நின்றுகொண்டேன். இரண்டையும் ஒன்றாகவே மாற்றினேன்.

பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. அது சாதாரணக் கண்ணாடி இல்லை, குவார்ட்ஸ். எரியும்போது பல நூறு டிகிரி சூடேறும். விரலின் எண்ணெயும் உப்பும் ஒட்டிய இடத்தில் குவார்ட்ஸ் வெளுத்து, பலவீனமாகி, வெடிக்கவும் கூடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தத் துணியால் துடைத்துவிட்டு மாட்டலாம். ஹெச்4 பல்பின் வளையத்தில் மூன்று காதுகள் இருக்கும். மேலே இருக்கும் காது மற்ற இரண்டைவிட அகலம். மூன்றும் அவற்றின் பள்ளங்களில் முழுமையாக உட்கார்ந்த பிறகே கம்பிப் பிடியை மாட்ட வேண்டும். வலப்பக்க விளக்கில் இடம் நெருக்கடி, கண்ணால் பார்க்க முடியவில்லை. வளையத்தின் விளிம்பை விரல் நுனியால் சுற்றித் தடவி, எங்கேயும் தூக்கி நிற்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டேன். ஒரு காது வெளியே நின்றால் இழை இடம் மாறி, வெளிச்சம் வானத்தைப் பார்க்கும்.

இத்தனையும் முடித்துவிட்டு, விளக்கின் கோணத்தைப் பார்க்காமல் விட்டிருந்தால் பாதிப் பலன்தான் கிடைத்திருக்கும். சமதளத்தில், சக்கரங்களில் சரியான காற்றோடு, ஓட்டுநர் இருக்கையில் அண்ணனை உட்காரவைத்து, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தினேன். உள்ளே இருக்கும் உயரத் திருகியைப் பூஜ்யத்தில் வைத்தாயிற்று. விளக்கின் மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர். சுவரில் அதே உயரத்தில் ஒரு டேப். விளக்கருகே ஒட்டியிருந்த தகட்டில் 1.2 சதவீதம் என்று இருந்தது; அதாவது 10 மீட்டருக்கு 12 சென்டிமீட்டர் இறக்கம். 53-இல் இன்னொரு டேப். ஒரு விளக்கைத் துணியால் மூடி மற்றதைப் பார்த்தேன்.

வலது விளக்கின் கோடு 40 சென்டிமீட்டரில் விழுந்துகொண்டிருந்தது. 10 மீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இறக்கம் என்றால், ஒளி 26 மீட்டரிலேயே தரையில் முடிந்துவிடுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு நொடிப் பயணத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். இடது விளக்கு நேர்மாறு. கோடு 70-இல், விளக்கின் உயரத்துக்கும் மேலே. இத்தனை நாள் எதிரே வந்தவர்கள் எனக்கு ஏன் ஹை பீம் அடித்துக் காட்டினார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. அவர்களை நான் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். விளக்கின் பின்னால் இருக்கும் திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகி இரண்டையும் 53-க்குக் கொண்டுவந்தேன். எதிர்வண்டி வரும் பக்கம் கோடு படுக்கையாகவும், சாலையோரப் பக்கம் 15 டிகிரி மேலேறியும் இருக்க வேண்டும். அது மேலேறத் தொடங்கும் முழங்கை போன்ற மடிப்பு, விளக்கின் மையத்துக்கு நேராக இருக்க வேண்டும். இப்போது கோட்டின் ஒளி 54 மீட்டருக்குப் போகிறது. ஓரத்தில் நடப்பவர்கள் இருக்கும் பக்கம் இன்னும் அதிகம்.

முன்கண்ணாடியின் உட்பக்கத்தையும் அன்றே துடைத்தேன். மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று துணியில் வந்தது. எதிர்விளக்கு வரும்போது கண்ணாடி முழுவதும் வெள்ளையாகப் பூத்ததற்கு அது ஒரு காரணம்.

அன்று இரவு அதே மைதானம், அதே கம்பு, அதே கோட்டு. 61 மீட்டரில் தெரிந்தது. மூன்று முறை செய்து பார்த்தோம். 59, 61, 62. பிறகு அண்ணன் காரை எடுத்துக்கொண்டு எதிர்முனைக்குப் போனார். நான் என் நண்பரின் காரில் உட்கார்ந்து, அவர் லோ பீமில் வருவதைப் பார்த்தேன். விளக்குகள் நன்றாகத் தெரிந்தன, கண் கூசவில்லை. கார் என்னைக் கடந்துபோகும்வரை எனக்கு முன்னால் இருந்த தரையும் அதன் ஓரமும் தெரிந்துகொண்டே இருந்தன. எனக்கு அன்று மிகவும் நிறைவு தந்தது 61 என்ற எண்ணைவிட இதுதான்.

ஆறு மாதம் கழித்து மீட்டரை மறுபடி வைத்தேன். இடப்பக்கம் 13.5, வலப்பக்கம் 13.2. வலது ஹோல்டரின் எர்த் தகடு கொஞ்சம் தளர்ந்திருந்தது. மூக்குக் குறட்டால் லேசாக நெருக்கி மாட்டினேன். 13.5. உதிரி ஃபியூஸ் இரண்டும், காகிதத்தில் சுற்றிய ஒரு பல்பும் இப்போது எப்போதும் காரிலேயே இருக்கின்றன.